தையல் முடியும் வரை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அத்தானும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் எதிர்க்கட்சியாகிவிடுகிறது. அங்கே நீ, உன் வீட்டுக்காரி, சுண்டு மூவரும் சுகம்தானே?

இதென்ன புதுசாகக் கடிதம் என்று பார்க்கிறாயா? போனில் திட்டினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதித் திட்டு அங்கேயே இருக்கும். போனில் எழுத்துத் தட்டலாம் என்றால் என் கண்ணும் விரலும் ஒத்துப்போவதில்லை.

சுண்டுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாயாம். உன் வீட்டுக்காரி அத்தானிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இனி வீட்டிலேயே நீயே பாடம் சொல்லித் தரப் போகிறாயாம். நீ கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன். உன் பெண்டாட்டி ஆஸ்பத்திரி நர்ஸ், பாதி நாள் பகலில்தான் தூக்கம். சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு இருபத்தெட்டு வருடமாக மாரடிக்கிற ஒருத்தி குடும்பத்தில் இருக்கிறாளே, அவளை ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லையா? ஆறு வயதுப் பிள்ளை. ஒன்றாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை. கடையில் பிடிக்காத சட்டையைத் திருப்பிக் கொடுப்பதுபோலச் செய்துவிட்டாயே.

என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுது. கோபம் உன்மேல்தான். சுண்டுவுக்கு முத்தம்.

உன் அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. கடைசி வரை படித்தேன். இங்கே எல்லோரும் நலம். அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி.

நடந்ததைச் சொல்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். சுண்டுவின் டீச்சர் என்னைத் தனியாக அழைத்து, மெல்ல, "உங்க பொண்ணுக்குப் பேச்சு வருமா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். நம்ம சுண்டுவைப் பற்றி! வீட்டில் அவள் வாய்க்குப் பூட்டுப் போட ஆள் தேடுகிறோம்.

"இல்ல சார், சேந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசல. பேரைக் கூப்பிட்டா எந்திரிச்சு நிப்பா. அவ்ளோதான்."

"இத்தனை மாசம் ஒரு பிள்ளை வாயே தெறக்கலன்னா, இப்பத்தான் கேப்பீங்களா?"

"நாப்பத்தெட்டுப் பிள்ளைங்க சார். சத்தம் போடற பிள்ளைங்களைப் பாக்கவே நேரம் சரியாப் போயிடுது."

அவரும் நல்லவர்தான், அக்கா. களைத்துப் போன முகம். ஆனால் அந்த வார்த்தை என் நெஞ்சில் குத்தியது. என் பிள்ளை தொந்தரவு கொடுக்கவில்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. அன்றைக்கே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் பேசவில்லை என்று அவளிடம் கேட்கவில்லை. பயந்திருக்கிற பிள்ளையைத் துருவக் கூடாது, தானாகச் சொல்லட்டும் என்று என் பெண்டாட்டி சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சுண்டுவின் இடத்தை மே மாதம் முடியும் வரை வைத்திருப்பார்களாம். அதற்குள் திரும்பாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்களாம். அடிக்கட்டும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒத்தடம் கொடுத்தாயிற்று. முழங்கால் சமாதானத்துக்கு வந்திருக்கிறது.

நாற்பத்தெட்டு என்று எனக்கே சொல்லிக் காட்டுகிறாயா? என் வகுப்பில் ஐம்பத்தொன்று. அந்த டீச்சர் சொன்னதைப் படித்ததும் எனக்கு உன்மேல் வந்த கோபத்தில் பாதி வடிந்துவிட்டது. மீதிப் பாதியை எழுதுகிறேன், கேள்.

பள்ளிக்கூடம் என்பது கூட்டல் கழித்தல் மட்டுமில்லை. பென்சிலைக் கடன் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கத் தெரிய வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் தோற்றுவிட்டு அழாமல் வீட்டுக்கு வரத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. உங்களுக்கு அவளைப் பிடித்துத்தான் ஆக வேண்டும், பெற்றுவிட்டீர்கள். அந்தக் கட்டாயமே இல்லாத யாரோ ஒரு பெண் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, "இங்க வா" என்று இடம் கொடுக்கிறாளே, அப்போது ஒரு தைரியம் வரும். அதை அப்பனும் ஆத்தாளும் கொடுக்க முடியாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. உலகம் அப்படியா பார்க்கும்?

இன்னொன்று கேட்கிறேன், இது சண்டைக்காக இல்லை. உன் பட்டறையில் தையல் மெஷின் போடுகிற சத்தம் எனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்துகொண்டு தொண்டை கிழியக் கத்தாமல் எப்படிப் பாடம் நடத்துகிறாய்? விவரமாக எழுது.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். சுண்டுவுக்கு ஒரு முன்பல் விழுந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக விசில் அடிக்கப் பழகுகிறாள்.

முதலில் என் வழக்கு. போன் செய்தால் ஒவ்வொரு முறையும் அத்தான்தான் எடுக்கிறார். காலையில் செய்தால் "உங்க அக்கா குளிக்கிறா" என்கிறார். மதியம் செய்தாலும் குளிக்கிறாய். சாயங்காலமும் குளிக்கிறாய். மீனாகப் பிறக்க வேண்டியவள் தவறி டீச்சராகிவிட்டாயா? இன்னும் கோபம் என்றால் நேரடியாகத் திட்டு.

நீ கேட்டதற்கு வருகிறேன். மெஷின் ஓடும்போது எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அதனால் நான் கத்துவதே இல்லை. அவள் தவழ்ந்த காலத்திலிருந்து பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நான் தைத்துக்கொண்டிருக்கும்போது அவள் வந்தால் இடது கையைத் தூக்கிக் காட்டுவேன். பொறு என்று அர்த்தம். அந்தத் தையல் முடிந்ததும் மெஷினை நிறுத்தி, அவளைப் பார்த்து, "சொல்லு" என்பேன். அதுவரை வாயைத் திறக்க மாட்டாள். ஊசிக்குப் பக்கத்தில் விரல் இருக்கிற வேலை, திடுக்கிட்டால் போச்சு. இப்போது பாடத்துக்கும் அதே வழக்கம்தான். கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு நிற்பாள். பாதி நேரம், "ஒண்ணுமில்லப்பா, நானே கண்டுபிடிச்சுட்டேன்" என்று போய்விடுகிறாள்.

ரெக்ஸின் துணியை மடித்து அரை, கால், அரைக்கால் படித்துவிட்டாள். வண்டி நம்பர் பலகையில் எண்கள். வாடகைக் கார்காரர் ஒருவர் காத்திருக்கும் நேரத்தில் எந்த ஊருக்கு எந்தத் திசை என்று தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டுகிறார். போன வாரம், ஸ்பாஞ்சை அமுக்கினால் ஏன் திரும்ப மேலே வருகிறது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். இரண்டு பேரும் ஒரு துண்டை வெட்டி, தண்ணீரில் முக்கி, பிழிந்து, ஒரு காலை முழுவதும் அதிலேயே கிடந்தோம். பள்ளிக்கூடமாக இருந்தால் நடுவில் மணி அடித்திருக்கும்.

எனக்கும் பட்டறையில் இவ்வளவு சந்தோஷமாக நாள் போனதில்லை, அக்கா.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. பரீட்சை நேரம், விடைத்தாள் குவியல், வேறொன்றும் இல்லை.

நீ எழுதிய கை தூக்கும் வழக்கத்தை என் வகுப்பில் செய்து பார்த்தேன். கரும்பலகையில் எழுதிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். முதல் வாரம் ஐம்பத்தொரு பேரும் எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டினார்கள். பிறகு படிந்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. வேறு சைகை ஏதாவது வைத்திருந்தால் எழுது.

சுண்டு பட்டறையில் கிசுகிசுவென்று பேசுகிறாளா? விடாதே. கிசுகிசுப்பது கத்துவதைவிடத் தொண்டைக்குக் கெடுதல். பேசினால் இயல்பாகப் பேச வேண்டும், இல்லையென்றால் பேசாமல் இருக்க வேண்டும்.

அவளுடைய விழுந்த பல் முளைத்ததா?

அக்கா


ஏப்ரல் 7

அக்கா,

நாங்கள் நலம். நீ நலமாக இல்லை.

உன் கடிதத்தை இவள் வேலை முடிந்து வந்து படித்தாள். கிசுகிசுப்பது பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நின்றுவிட்டாள். "இத அண்ணிகிட்ட யார் சொன்னா? இது தொண்டை டாக்டருங்க சொல்ற பேச்சு. அதுவும் சும்மா போறவங்ககிட்ட சொல்ல மாட்டாங்க" என்றாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். கடிதம், குளியல், கரும்பலகை, சைகை. நான் மரமண்டை. ஒன்றும் உறைக்கவில்லை.

உடனே அத்தானுக்குப் போன் செய்தேன். "குளிக்கிறா" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "உங்க அக்காவே எழுதுவாப்பா, என்னை மாட்டி விடாத" என்றார்.

உண்மையை எழுது.

தம்பி


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

பயப்படாதே. ஆபத்தில்லை. உன் பெண்டாட்டி நர்ஸ் வேலைக்குப் பதில் போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்.

டிசம்பரிலேயே குரல் கரகரத்தது. ஜனவரி பிறந்ததும் ஒருநாள் வருகைப் பதிவு எடுக்கும்போது நடுவில் சுத்தமாக நின்றுவிட்டது. வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். டாக்டர் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்து, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். இத்தனை வருடம் கத்திய கத்தல். வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, மாதக்கணக்கில் ஆகும் என்றார். அன்றிலிருந்து கரும்பலகையில் எழுதியே வகுப்பை ஓட்டினேன். தலைமை ஆசிரியை நல்லவிதமாகத்தான் சொன்னார், ஜூனில் குரல் வராவிட்டால் ஆபீசில் உட்கார்ந்து தபால் பார்த்துக்கொள்ளலாம் என்று. வீட்டுக்கு வந்து அழுதேன். சத்தம் வராமல் அழுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

அத்தானுக்கு மட்டும் பொற்காலம். "கல்யாணமானதுலேருந்து இப்பத்தான் நான் ஆரம்பிச்ச பேச்ச நானே முடிக்கறேன்" என்கிறார். ஆனால் பாவம், முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அதே வாரத்தில் நீ சுண்டுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டாய். உங்கள் பள்ளிக்கூடம் பிள்ளை வாயை மட்டுமா அடைத்தது, டீச்சர் வாயையும் அடைத்துவிட்டது பார் என்பாய். என் எலும்பையே எடுத்து உன் கையில் தடியாகக் கொடுக்க எனக்கு மனசில்லை.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அப்படிச் சொல்லியிருப்பேன். வெட்கமாக இருக்கிறது.

வாதம் கிடக்கட்டும். உனக்கு விடுமுறை தொடங்கிவிட்டதே. சுண்டுவை இவள் கொண்டுவந்து விட்டு, உன் தொண்டையையும் பார்த்துவிட்டு வருவாள். மூன்று வாரம் வைத்துக்கொள். நீ பேச வேண்டாம். இரண்டு பேருக்குச் சேர்த்து அவள் பேசுவாள்.

அவள் இல்லாமல் எனக்கு வேலை வேகமாக நடக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

தம்பி


மே 16

அன்புள்ள தம்பிக்கு,

இதைச் சுண்டுவைக் கொண்டுவந்து விடுகிற அத்தான் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் நலம். இரண்டு கிலோ கூடியிருப்பாள்.

முதலில் உனக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். நீ நன்றாகச் சொல்லித் தந்திருக்கிறாய். நான் சிலேட்டில் எழுதுவதையெல்லாம் தடங்கலில்லாமல் படிக்கிறாள். தெரியாததைத் தெரியாது என்கிறாள், அதற்கு வெட்கப்படுவதில்லை. என் வகுப்பில் அப்படிச் சொல்ல ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம் ஆகும். அத்தான் நான் எழுதுகிற பாதியிலேயே "தண்ணியா? ஃபேனா?" என்று ஊகிப்பார். இவள் மட்டும்தான் நான் எழுதி முடித்துச் சிலேட்டைத் திருப்பும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இப்போது சொல்லப் போவதைப் பொறுமையாகப் படி. யாரும் அவளைக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா? நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவள் உற்சாகமாக இருந்தாள். 'பள்ளிக்கூடத்தில் ஏன் பேசவில்லை?' என்று எழுதிக் காட்டினேன். அழுவாளோ என்று எனக்கே பயம். சாதாரணமாகச் சொன்னாள்.

"மொத நாளு மிஸ் கையத் தூக்கி, யாரும் பேசக் கூடாதுன்னாங்க அத்தை."

'பிறகு?'

"அப்புறம் என்னைப் பாத்து சொல்லுன்னு சொல்லவே இல்ல."

'மற்ற பிள்ளைகள் பேசினார்களே?'

"அவங்களுக்குத் தெரியல அத்தை. நான் சொல்லிக் குடுக்கலாம்னு பாத்தேன். ஆனா பேசக் கூடாதுல்ல?"

தம்பி, அவள் பயப்படவில்லை. காத்திருந்தாள். உன் பட்டறையில் மெஷின் நிற்கும் வரை காத்திருக்கிற மாதிரி, அத்தனை மாதம் அந்த வகுப்பு நிற்கட்டும் என்று காத்திருந்தாள். இதில் யாரை என்ன சொல்ல? பழக்கியது நீ. ஆனால் ஒரு பள்ளிக்கூட வருடத்தில் ஒரு பிள்ளையைத் தனியாகப் பார்த்து "சொல்லு" என்று ஒரு தடவை சொல்ல எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லையே. 'பேசாதே' என்று மட்டும் நாளெல்லாம் சொல்கிறோம். என் ஐம்பத்தொன்றில் எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மே முடிய நாள் இருக்கிறது. முடிவு உன்னுடையது.

அக்கா


மே 27

தம்பிக்கு,

நலமா? அத்தான் திரும்பி வந்து பத்து நாளாகிறது. ஒரு வரிகூட இல்லை. உன்னைக் குத்துவதற்காக நான் அதை எழுதவில்லை. தெரிந்துகொண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ஒரு நல்ல செய்தி. தலைமை ஆசிரியையிடம் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படிக்கத் திணறுகிற பன்னிரண்டு பிள்ளைகளைத் தனியாக ஒரு சின்ன அறையில் எனக்குக் கொடுக்கிறார். டாக்டரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச விட்டிருக்கிறார், அந்த அறைக்கு அது போதும். கிட்டத்தட்ட உன் பட்டறைதான். வெளியே மணி அடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் நீ என்ன முடிவெடுத்தாலும் இனி நான் சண்டைக்கு வர மாட்டேன். உன் வழி நல்ல வழி. அதை வைத்துத்தான் நான் பிழைக்கப் போகிறேன்.

எழுது.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் சின்ன அறைக்கும் பன்னிரண்டு பேருக்கும் என் வாழ்த்து. முடிச்சு சீக்கிரம் கரையட்டும்.

எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் ஓடவில்லை. தப்பு என் பட்டறையிலிருந்தும் புறப்பட்டது என்று ஏற்றுக்கொள்ள எனக்கு அத்தனை நாள் ஆயிற்று. ஆனாலும் இந்த ஐந்து மாதம் உனக்கு எழுதிய பெருமையில் பொய் ஒன்றும் இல்லை, அக்கா. அவள் நன்றாகப் படித்தாள். யாருக்கும் அஞ்சாமல் கேட்டாள். இன்னும் பத்து வருடம்கூட நான் சொல்லித் தருவேன் என்றுதான் நினைத்தேன். அதனால் பெயரை அடிக்க ஒரு நாள் இருக்கும்போது மெஷினை நிறுத்தி, அவளை எதிரில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"பள்ளிக்கூடம் போறியா, வீட்டுலயே படிக்கிறியாம்மா?"

"வீட்டுலயே."

யோசிக்கவே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. 'ஜெயித்துவிட்டேன் அக்கா' என்று உனக்கு எழுதப்போகிற முதல் வரிகூட மனதில் ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"ஏம்மா?" என்று கேட்டேன்.

"நான் போயிட்டா அம்மா தூங்கிட்டிருப்பாங்க. அப்புறம் உங்க கூட யாருப்பா பேசுவா?"

மெஷின்மேல் கிடந்த துண்டுத் துணியை எடுத்து மடித்தேன். "அப்பாவுக்கு அதெல்லாம் வேணாம்னு வச்சுக்கோ. அப்ப?" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "அப்பன்னா போவேன். நான் பேசவே இல்லல்ல அங்க? நெறைய சொல்ல வேண்டியிருக்கு" என்றாள்.

அன்றைக்கே போய்ப் பெயரை உறுதி செய்துவிட்டு வந்தேன். புது டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "முதல்ல ஒரு தடவை சொல்லுன்னு சொல்லிடுங்க டீச்சர், அப்புறம் நிறுத்தறது உங்க பாடு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். பள்ளி திறந்த அன்று வாசலில் என் கையை விட்டுவிட்டு ஓடிவிட்டாள். சாயங்காலம் வந்து சாப்பிடக்கூட உட்காராமல் பேசினாள். பக்கத்தில் உட்காருகிற பெண்ணுக்கும் முன்பல் இல்லையாம். இரண்டு பேரும் சேர்ந்து விசில் அடித்து முதல் நாளே வகுப்புக்கு வெளியே நின்றார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை நீ பார்க்க வேண்டும்.

நான் அன்று முழுக்க ஒரு பின்சீட்டு உறை தைத்தேன். கடைசியில் இழுத்துப் பார்த்தால் துணி தனித்தனியாக வந்தது. ஊசியில் நூலே இல்லை. எவ்வளவு நேரம் அப்படி ஓட்டினேனோ, தெரியவில்லை.

டாக்டர் உன்னைப் போனில் பேச விட்டதும் எனக்குப் போடு. திட்டுவதாக இருந்தாலும் சரி, பாதியில் வைக்க மாட்டேன். ஆனால் பகலில் போடு, அக்கா. பகலில்தான் இங்கே யாரும் இல்லை.

உன் தம்பி